நஃபீசா விழுங்கிய சொல்

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்து ஆறு குடும்பங்கள் இருந்தன. அங்கே ஐம்பத்தேழாம் வருஷத்து மழை நாளொன்றில் மரியபுஷ்பத்துக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மதியமே செத்தும் போனது.

அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள் அவள். ஒரே ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத்தான் போயிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில் அதற்கு இடம் உண்டு. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். அதன் ஆத்துமம் மோட்சத்தின் வாசலைக் கூடப் பார்க்காது.

கணவன் வேலாயுதம், அந்தப் பெயரை உதறிவிட்டு அறிவழகன் ஆனவன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. தாலியும் பாதிரியும் இல்லாமல், மேடையில் மாலை மாற்றித்தான் அவளைக் கட்டினான். "என் பிள்ளை தலையில எந்தச் சாமித் தண்ணியும் விழக்கூடாது" என்று முன்பே சொல்லியிருந்தான்.

ஆனால் வலி கண்டபோது அவன் வேலையில் இருந்தான். பிரசவம் பார்த்தது பக்கத்துத் தடுப்பு நஃபீசா. பிள்ளை நீலம் பாரித்ததும் மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபத்து வேளையில் ஞானஸ்நானத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற வாய்தான் மந்திரத்தையும் சொல்ல வேண்டும். மரியபுஷ்பத்துக்கோ கை எழவில்லை. 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி' என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தாள். நஃபீசாவின் உதடுகள் அசைந்தன, தண்ணீர் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மயங்கினாள்.

சாயங்காலம், அடக்கத்துக்கு எழுதிக்கொள்ள, மாதா கோயிலிலிருந்து உபதேசியார் அந்தோணிமுத்து வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"யாரு ஊத்துனது?"

"நான்தான்" என்றாள் நஃபீசா.

"சாயபு வீட்டம்மாவா? சரி, பாதகமில்ல. என்ன சொல்லி ஊத்துனே?"

நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பிதா... பரிசுத்த ஆவி பேரால..."

"நடுவுல?"

நஃபீசா தண்ணீர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அக்கா, சொல்லுங்கக்கா!" என்றாள் மரியபுஷ்பம். "சுதன்னு சொன்னீங்கல்ல?"

"வாய் வரலை புள்ள" என்று நஃபீசா அழுதாள். "ஆண்டவனுக்கு மகன் உண்டுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அந்த ஒண்ணை மட்டும் முழுங்கிட்டேன். மத்ததெல்லாம் சொன்னேன்."

உபதேசியார் சிரித்தார். "அப்பா இருக்காரு, ஆவி இருக்கு, மகனைக் காணோம். அதே மாதிரி இங்கயும் மகனைக் காணோம்."

"இவரும் ஊத்துனாரு!" வேலையிலிருந்து வந்து நின்ற கணவனைக் காட்டியபடி மரியபுஷ்பம் எழப் பார்த்தாள். "இவர் ஓடி வந்தப்போ பிள்ளைக்கு மூச்சு இருந்துச்சு. சொல்லுங்களேன்!"

உபதேசியார் அறிவழகன் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா எழுதிக்கிறேன் தம்பி. நம்பிக்கை இல்லாதவன் கொடுத்தாலும் செல்லும்."

பலகைக்கு அப்பால் ஐந்து குடும்பங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டன. அறிவழகன் செத்த பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தப் பலகையைத்தான் பார்த்தான்.

"நான் ஊத்தலை. செத்தாலும் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். மண்ணுல என்னய்யா மந்திரிச்ச மண்ணு, மந்திரிக்காத மண்ணு? போங்க லா!"

மறுநாள் காலை பிள்ளையைப் பால் டின் பெட்டியில் வைத்து அவனே தூக்கிக்கொண்டு போனான். வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், குழிவெட்டி காட்டிய இடத்தில் புதைத்துவிட்டு வந்து, குளித்து, சட்டை மாற்றி வேலைக்குக் கிளம்பினான்.

அவன் இறங்கியதும் நஃபீசா மிளகு ரசமும் சோறும் கொண்டுவந்தாள். மரியபுஷ்பம் தட்டை வாங்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தாள். நேற்று எழாத கைக்கு இன்று எங்கிருந்தோ பலம் வந்திருந்தது.

"இப்பச் சொல்லுங்கக்கா. எனக்காக, ஒரே ஒரு தடவை."

"எதுக்குப் புள்ள இனிமே?"

"என் மனசு ஆறும். காலைப் பிடிக்கிறேன்."

பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்தை நஃபீசாவால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினாள். "பிதா... சுதன்... பரிசுத்த ஆவி..." என்றாள்.

மரியபுஷ்பம் கையை விட்டாள்.

"சொல்ல வருதே. நாக்கு வெந்தா போச்சு?" என்று மெல்லக் கேட்டாள். "என் பிள்ளைக்கு வரலை. இப்ப வருது. போங்க, உங்க அல்லா உங்களை வேலிக்கு எந்தப் பக்கம் புதைக்கிறார்னு நானும் பார்க்கிறேன்."

நஃபீசா நின்ற இடத்திலேயே நின்றாள். மரியபுஷ்பம் தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.