அரக்கு கேட்டால் கத்தரிப்பூ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக உதித்ததல்ல. காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானியில் ஒரு கடையில் பிரிண்டருக்கு டூப்ளிகேட் இங்க் வாங்கினேன், கூடவே வந்துவிட்டது.

"கம்பேட்டிபிள்னு சொல்லுங்க சார். டூப்ளிகேட்னா மனசு கஷ்டமா இருக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

2

முதல் தொடக்கம்: காவிரியின் மேல் பொன்னிற மாலை வெயில்...

(வேண்டாம். இந்த இங்க்கில் மஞ்சளே வரமாட்டேன் என்கிறது, பொன்னிறத்துக்கு எங்கே போவது?)

இரண்டாம் தொடக்கம்: குமாரபாளையத்தில் ஜெகதீஸ்வரன் என்று ஒருவன். அவன் மனைவி சண்முகப்பிரியா வீட்டிலேயே சேலை டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் வரைந்து, தாளில் பிரிண்ட் எடுத்து, சாயப்பட்டறை பச்சமுத்து அண்ணனிடம் கொடுப்பாள். அவர் தாளைப் பார்த்து நூலுக்குச் சாயம் ஏற்றுவார். கலரின் பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"பேரு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க சாமி. தாளு ஒண்ணத்தான் சொல்லும்."

(ஜெகதீஸ்வரன் எப்படிப்பட்டவன்? சோம்பேறி என்று எழுதி அடித்துவிட்டேன். சிக்கனக்காரன் என்று எழுதி அதையும்...)

3

சண்முகப்பிரியா தன் பேரில் பிடித்த முதல் ஆர்டர் அது. எருமப்பட்டியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுப் பெண்கள் அறுபது பேருக்கும் ஒரே அரக்குக் கலரில் சேலை. அவள் எருமப்பட்டிக்குப் போயிருந்த அன்று பிரிண்ட் எடுக்கும் வேலை ஜெகதீஸ்வரனுக்கு. அவனோ பவானி இங்க்கைக் கம்பெனி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தான். 'இது ஒரிஜினல் இங்க் இல்லை' என்று பிரிண்டர் திரையில் ஓயாமல் கத்தியது. அவன் ஓகே, ஓகே என்று அமுக்கினான். அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் அந்தப் பிரிண்டர்தான்.

தாள் கத்தரிப்பூ கலரில் வந்தது. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தால் என்ன என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அண்ணன் இம்மி பிசகாமல் கத்தரிப்பூவே ஏற்றினார்.

4

"கண்ணு தெரியலீன்னா சொல்லிப்போடுங்கண்ணா, வேற பட்டறை பாத்துக்கறேன்!" என்று சாயம் ஏறிய நூலோடும் ஜெகதீஸ்வரனோடும் பட்டறைக்குப் போய்ச் சண்முகப்பிரியா வெடித்தாள்.

"தாளு அப்படித்தான் இருந்துச்சு சாமி. உங்க ஊட்டுக்காரருகிட்ட நூலோடயே குடுத்துட்டனே..."

தாள் அப்போது என்

தாள் அப்போது ஜெகதீஸ்வரனின் சட்டைப் பையில் இருந்தது. அவன் பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான்.

மறுநாள் அண்ணன் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் குறையே இல்லை என்றாராம் டாக்டர். நம்பாமல் கடையில் தொங்கிய ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த டிசைன் தாளையும் வாங்குவதில்லை. முப்பது வருடத் தொழில். எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

முடிவுகள்:

அ) அறுபது பெண்களுக்கும் கத்தரிப்பூ பிடித்துப்போகிறது. (சினிமாவில்கூட இப்போது இப்படி முடிப்பதில்லை.)

ஆ) வேறு பட்டறையில் மேலே சாயம் ஏற்றி அரக்காக்கி, சேலை போய்ச் சேர்கிறது. (நடந்தது இதுதான். அண்ணனுக்கு இதில் என்ன?)

இ) பாதி வாக்கியத்தில் இங்க் தீர்கிறது. (மட்டமான தந்திரம். மேலும் இந்தக் கறுப்பு தீரவே மாட்டேன் என்கிறது, சனியன்.)

6

இதுவரை எழுதியதைப் பிரிண்ட் எடுத்தேன். தலைப்புக்கு மட்டும் அரக்கு கொடுத்தேன். என்ன கலரில் வந்தது என்று தலைப்பே சொல்லும். மனைவியின் கீபோர்டு மேல் வைத்துவிட்டு வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படித்துவிட்டு வந்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, என்ற பேர அப்படியே போட்டுப்போட்டு உங்க பேர மட்டும் மாத்திட்டீங்களா?"

பேனாவால் ஜெகதீஸ்வரனை அடித்து மேலே என் பேரை எழுதினாள்.

"கெளம்புங்க. அண்ணங்கிட்ட நீங்களே குடுங்க. நானும் மன்னிப்புக் கேக்கோணும்."

7

பட்டறை வாசல். அண்ணன் தாளை வாங்கிக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கதையைப் படிக்கவில்லை. தலைப்பை மட்டும் பார்த்தார்.

"இதென்ன கலருன்னு சொல்லி அடிச்சீங்க?"

"அரக்குங்கண்ணா."

கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு தடவை பார்த்தார்.

"கத்தரிப்பூ" என்றார்.

"ஆமாங்கண்ணா."

அந்தக் கண்ணாடியைப் பையில் போட்டாரா, என் மேல் வீசினாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வீசினார் என்று எழுதினாலும் நான் குனிய மாட்டேன்.