என் சீன் இன்னும் வரலை

டிக்கெட் கிழிப்பவர் குழந்தையைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். இது சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை, பெற்றோர் கூட இருந்தால் உள்ளே விடலாம் என்றுதான் விதி, இருந்தாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷன். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். பிள்ளையின் அம்மா குரல்காரி கேட்கவில்லை. கேட்காதது போகட்டும், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பதில் வேறு சொன்னாள்.

"இந்தப் படத்துல நான் பேசியிருக்கேங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, நாலு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார்.

காமிக்ஸில் வந்த கதை. வானத்தில் பறக்கிற ஒருவன், குண்டு துளைக்காத உடம்பு, முதுகில் படபடக்கும் அங்கி. காமிக்ஸ் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம்தானே, அதில் பெரியவர்களுக்கென்று தனியாக என்னத்தை வைத்துவிடப் போகிறார்கள் என்பது குரல்காரியின் எண்ணம். ரெண்டு கெட்ட வார்த்தை இருக்கும், ஒரு முத்தம் இருக்கும், அப்போது கண்ணைப் பொத்திவிட்டால் போயிற்று. மகள் சிட்டுவோ ஒரு வாரமாகப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அம்மா பேசுவதைப் பெரிய திரையில் கேட்டே ஆகவேண்டுமாம்.

சிட்டு கேட்டது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் நாத்தனார். கணவனின் அக்கா. இருட்டு அறைக்குள் நின்றுகொண்டு யாரோ வாயை அசைக்க இவள் கத்துவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று, கல்யாணமான நாளிலிருந்து ஜாடைமாடையாகக் குத்திக்கொண்டே இருப்பவள். அவளையும் இன்றைக்கு வம்படியாக இழுத்து வந்திருந்தாள். வரட்டும், கேட்கட்டும், அப்புறமாவது வாயை மூடட்டும் என்றுதான்.

அவளுடைய வேலை டப்பிங். வேற்றுமொழிப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது. எந்தப் படமானாலும் அவளுக்கு வருவது அம்மா வேஷம்தான். போலீஸ்காரனின் அம்மா, திருடனின் அம்மா, கார்ட்டூனில் குட்டி யானையின் அம்மா. ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயரே 'அம்மாக்குரல்' என்று ஆகிவிட்டது. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெரிய கம்பெனிப் படம் என்றால் ஒரு தொல்லை. படம் திருட்டுப்போய்விடும் என்று பயந்து முழுசாக அனுப்பமாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்பு அடித்து, பேசுகிறவரின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வட்டம் விட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் ரெண்டு உதடு தெரியும். உதடு அசையும்போது பேச வேண்டும், நின்றால் நிறுத்த வேண்டும். பேசுகிறவள் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, எதிரே யார், அது வீடா காடா, எதுவும் தெரியாது. கையில் தரும் தாளிலும் நம்முடைய வரிகள் மட்டும்தான். இந்தப் படத்துக்கும் அப்படித்தான். டப்பிங் நடத்துகிறவரிடம் என்ன காட்சி என்று கேட்டாள். அவருக்கும் தெரியாது. பிள்ளையைத் தூங்க வைக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னார்.

எத்தனை தடவை பேசியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொத்தானை அழுத்திச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு ஊசி போடும்போது எப்படிப் பேசுவீங்க? அந்தக் குரல் வேணும்மா எனக்கு."

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிட்டுவுக்குச் சர்க்கரை நோய். இத்தனூண்டு பிள்ளைக்கா என்று வாயைப் பிளப்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிக் குரல்காரிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். போடாமல் விட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான், அதற்குமேலும் ஆகலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் அவள் கணவன் காலைப் பிடிப்பான், நாத்தனார் கையைப் பிடிப்பாள், பிள்ளை போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறக்கும். கணவனோ லிஃப்ட் பழுது பார்ப்பவன், மாடி மாடியாகத் தொங்கி வேலை செய்கிறவன். அந்தச் சூரன் தலைமுடி கனமே உள்ள ஊசியைக் கண்டால் வெடவெடவென்று நடுங்குவான். அதனால் போடுவது எப்போதும் குரல்காரிதான். பிள்ளையை வழிக்குக் கொண்டுவந்ததும் அவள் குரல்தான். கண்ணை மூடிக்கோடா தங்கம், அம்மா பிடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது. அந்தக் குரலில் அதைச் சொன்னால் சிட்டு கண்ணை மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவாள். வேறு யார் சொன்னாலும் மாட்டாள்.

தாளில் இருந்த வரியும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் குரலை அப்படியே மைக்கில் கொடுத்துவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

படம் ஆரம்பித்தது. நாயகன் பறந்து வந்ததும் விசில் பறந்தது, சிட்டுவும் குதித்தாள். விசில் அடங்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. திருடன் ஒருவனை நாயகன் தூக்கினான். கொண்டுபோய்ப் போலீஸில் ஒப்படைப்பான் என்றுதானே நினைப்போம்? சுவரில் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். கேமரா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் ஐயய்யோ என்று முனகினார். குரல்காரி சட்டென்று மகளின் கண்ணைப் பொத்தினாள். அடுத்தடுத்த காட்சிகளிலும் அதே கதைதான், கண்ணைப் பொத்திய கையை எடுக்கவே நேரமில்லை.

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தாள்.

"எந்திரி, போலாம். பிள்ளை பாக்குற படமா இது?"

எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். குரல்காரிக்கும் அது தெரியும். ஆனால் இத்தனை வருஷமாகக் காத்திருந்த பெருமை அவளை நாற்காலியோடு பிடித்து வைத்திருந்தது. கணவனும் என்ன செய்யலாம் என்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்தான்.

"ஒரு நிமிஷம் அண்ணி. என் சீன் இன்னும் வரலை."

சிட்டுவும் விரலிடுக்கு வழியாக, நீ எப்பம்மா வருவே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இதோ வந்துடுவேன், இதோ வந்துடுவேன் என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வந்தது. நாயகனின் மனைவி. சிரித்த முகம். கையில் சிட்டு வயசில் ஒரு பையன். கணவனின் சக்தி பிள்ளைக்கும் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற வெறி அவளுக்கு ஏறியிருந்தது. ஆனால் அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குப் புரிந்தது? பார்க்க ஒரு அம்மாவும் பிள்ளையும், அவ்வளவுதான். குரல்காரி மகளின் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். இது நம்ம சீன், இதைப் பாரு என்று காதில் சொன்னாள். சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவும் பிள்ளையும் படியேறினார்கள். கதவைத் திறந்தார்கள். அது உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டை மாடி. அம்மா பிள்ளையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்தினாள். பிள்ளை கீழே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"கண்ணை மூடிக்கோடா தங்கம்" என்றது குரல். "அம்மா பிடிச்சிருக்கேன்."

அரங்கின் நாலு பக்கமிருந்தும் வந்தது அந்தக் குரல். பையன் கண்ணை மூடிக்கொண்டான். வட்டத்துக்குள் பார்த்த அதே உதடு இப்போது திரை அகலத்துக்கு இருந்தது. இங்கே ஒரு இடைவெளி வரும் என்று குரல்காரிக்குத் தெரியும். உதடு அசையாமல் நிற்கும், மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைசி வார்த்தை. அந்த இடைவெளியைக் கச்சிதமாகப் பிடித்தாள் என்று ஸ்டுடியோவில் எல்லாரும் மெச்சினார்கள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை இப்போதுதான் பார்த்தாள். அம்மா ரெண்டு கையையும் விட்டாள்.

"ஒண்ணும் ஆகாது."

பையன் பறக்கவில்லை.

விசிலடித்தவர்கள், பாப்கார்ன் கொறித்தவர்கள், போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். காதைப் பொத்தலாமா, யார் காதைப் பொத்துவது, எல்லாம் கேட்டு முடிந்தாயிற்றே. அப்போதுதான் கவனித்தாள், சிட்டு தன் கையை உருவிக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று இழுக்கவில்லை, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதுபோல ஒவ்வொரு விரலாக உருவி, அந்தப் பக்கம் அத்தையின் மடியில் வைத்துக்கொண்டாள். அழவும் இல்லை. நாத்தனார் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வெளியே ஒரே களேபரம். பாதியில் எழுந்து வந்தவர்கள் டிக்கெட் கிழிப்பவரைச் சூழ்ந்துகொண்டு, அந்த அப்பாவி மனுஷன்தான் படத்தை எடுத்தமாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். ரெண்டு இளைஞர்கள், புத்தகத்தில் அந்தப் பையன் பறந்துவிடுவானே, இவர்கள் எப்படி மாற்றலாம் என்று கலங்கிய கண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாவி எவ்வளவு ஆசையாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டாள் பார் என்று தன் தோழியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பாவி தன் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

போன் அடித்தது. டப்பிங் நடத்துகிறவர். அவரும் இன்றைக்குத்தான் வேறொரு அரங்கில் முழுப் படத்தைப் பார்த்தாராம்.

"மூல மொழியில பேசினவளைவிட நீங்கதாம்மா மேல. ஜனங்க ஆடிப்போயிட்டாங்க."

குரல்காரி போனை அணைத்தாள். இந்த ஒரு பாராட்டுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள். கைக்கு வந்தபோது அதைத் தூக்கி எறியக்கூட இடமில்லை.

வண்டியில் ஏறினார்கள். நாத்தனார் திட்டுவாள், கிழிகிழியென்று கிழிப்பாள் என்று எதிர்பார்த்தாள். திட்டித் தொலைத்தாலாவது மனசு ஆறும் என்றிருந்தது. நாத்தனாரோ தன் தோளில் முகம் புதைத்திருந்த பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். வீடு நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கத்திப் பேசியிருந்தாக்கூடத் தேவலை. நீ நம்ம பிள்ளைகிட்டப் பேசுற மாதிரியே பேசியிருக்கியே."

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு நேரம். ரத்தம் சோதிக்க விரலைக் கேட்டபோது சிட்டு அப்பாவிடம் நீட்டினாள். மீட்டரில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாப்கார்ன் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இனி ஊசி போடாமல் ஒரு வாய் சோறு கொடுக்க முடியாது, போடாமல் விடவும் முடியாது. குரல்காரி இன்சுலின் பேனாவில் அளவைத் திருப்பிவைத்துக்கொண்டு பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"கண்ணை மூடிக்கோடா..."

சிட்டு ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னோக்கியே போனாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் முதுகு முட்டும்வரை போனாள். அது வெறும் படம், அம்மா சும்மா பேசினது, அந்தப் பையன் நடிக்கிறான், இந்நேரம் அவன் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பான் என்று என்னென்னவோ சொன்னாள் குரல்காரி. எவ்வளவு இதமாகச் சொன்னாளோ அவ்வளவுக்குப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது. இதமாகச் சொல்லச் சொல்லத்தான் அது பயப்படுகிறது என்பது அவளுக்குப் புரிந்தபோது, ஓவென்று அழுகை வந்தது. அழுதால் அந்தச் சத்தத்துக்கும் மிரளுமே என்று வாயைக் கையால் அடைத்துக்கொண்டாள்.

கணவன் பேனாவை வாங்கினான். அவன் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் அதைப் பிடுங்கினாள். அவளுக்கும் கை வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழையபடி காலையும் கையையும் பிடிக்க வேண்டியதுதானா என்று அவன் கேட்டான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சிட்டு கடைசியில் தானே வெளியே வந்தாள். தனக்கு ஊசி வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அத்தையின் மடியிலிருந்து பேனாவை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள்.

"நீயே போடு. ஆனா பேசாதே."

குரல்காரி தலையை ஆட்டினாள். சிட்டு ஒரு கையால் அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் சட்டையைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை. இமைகூடத் தட்டாமல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியது. மருந்து முழுக்க இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும், எப்போதும் அந்த நேரத்தில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து எண்ணுவார்கள். இன்றைக்குச் சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எடுத்தாள். சிட்டு சட்டையை இறக்கி விட்டுக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, நாளைக்கும் பேசாமலே போடணும்னு அம்மாகிட்டச் சொல்லு."