எல்லாருக்கும் நூற்றுப் பன்னிரண்டு

அந்த வாரம் என் கைக்கு வந்த நோயாளிகள் எல்லாருக்கும் நாடி ஓட்டமாக ஓடியது. குடலிறக்க அறுவை முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தவருக்கு நூற்றுப் பன்னிரண்டு. கால் முறிந்து படுத்திருந்த பள்ளி ஆசிரியைக்கு நூற்றுப் பதினான்கு. மறுநாள் வீட்டுக்குப் போகப் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தவருக்கும் நூற்றுப் பன்னிரண்டு. பாடப் புத்தகமோ, சும்மா இருக்கும் மனிதருக்கு அறுபதிலிருந்து நூறு வரை என்கிறது. புத்தகம் பொய்யா, வார்டு பொய்யா என்று எனக்கு விளங்கவில்லை. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு பேட்டரியைக்கூட மாற்றினேன்.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த நர்ஸை, நர்ஸிங் மாணவிகளான நாங்கள் இன்சார்ஜம்மா என்போம். என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, வார்டே ஓட்டப்பந்தயம் ஓடிட்டு வந்து படுத்திருக்கா? இல்ல, நீ உக்காந்த இடத்துலயே எழுதிட்டியா?"

இருபது பேரின் நாடி அவர் கையெழுத்தோடு இருந்தால்தான் வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வில் உட்கார முடியும். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில், பதினெட்டு வயதுப் பெண்களோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறேன். தவறவிட்டால் இன்னொரு வருடம். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது.

பொறுமை எனக்கு எப்போதும் கொஞ்சம் கம்மிதான். அப்போது இரண்டு மாதமாகச் சுத்தமாக இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரோடு மூன்று நிறுத்தம் வரை சண்டை போட்டேன். வயிறு முட்டத் தின்றும் யூனிஃபார்ம் தொளதொளத்தது. எல்லாரும் போர்த்திக்கொள்ளும்போது எனக்கு மட்டும் ஃபேன் வேண்டியிருந்தது. "பரீட்சை பயம்டி" என்றாள் அக்கா. இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பாடம் நடக்கிறதோ அந்த நோய் எனக்கு வந்துவிடும். செரிமானம் படித்த வாரம் அல்சர். சிறுநீரகம் படித்த வாரம் கல். இதயம் படித்தபோது உயில் எழுதாத குறை. அப்படிப்பட்டவள் சுரப்பிகள் பாடத்தன்று கழுத்தைத் தடவிக்கொண்டு, "அக்கா, இங்க கொஞ்சம் வீங்கினாப்ல இல்ல?" என்றால் யார் நம்புவார்கள்?

"போன மாசம் கிட்னி, இந்த மாசம் கழுத்தா? தலைக்கு எப்ப வருவ?"

புலி வருது கதைதான். நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

புதன்கிழமை ஆறாம் படுக்கை. காலில் புண்ணோடு வந்த லாரி டிரைவர். முழு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. சார்ட்டில் எழுதினேன். அதைப் பார்த்த இன்சார்ஜம்மாவின் முகம் மாறியது. டாக்டர் ஓடி வந்தார். இசிஜி மெஷின் தடதடவென்று உருண்டு வந்தது. தாளில் விழுந்ததோ அச்சடித்தாற்போல அறுபது.

டிரைவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு.

"பேஸ்மேக்கர், தங்கச்சி. அறுபதுல வெச்சுக் குடுத்திருக்காங்க. படுத்துக் கெடக்குறவன் நூறுக்கு மேல எங்க ஓட்ட?"

டாக்டர் இசிஜி தாளைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

"என் முன்னால எண்ணு" என்றார் இன்சார்ஜம்மா. டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். "அப்படியே நில்லு. இது என்ன?"

"கட்டை விரல், மேடம்."

முதல் நாள் முதல் பாடம் அது. கட்டை விரலுக்கென்று பலமான நாடி உண்டு. அதை வைத்து அழுத்தினால் நோயாளியின் நாடி அமுங்கிவிடும், நம்முடையதையே நாம் எண்ணிக்கொண்டிருப்போம். மூன்று விரல் நுனிகளால்தான் பார்க்க வேண்டும். தெரியாமல் செய்யவில்லை. கொஞ்ச நாளாக மூன்று விரலும் நடுங்கி மணிக்கட்டில் நிற்காமல் வழுக்கின. யாரும் பார்க்காதபோது கட்டை விரலுக்கு மாறியிருந்தேன்.

இன்சார்ஜம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவரும் சிரித்தார். குழப்பம் தீர்ந்த நிம்மதியில் நானும் சிரித்தேன். டிரைவர்தான் முதலில் நிறுத்தினார்.

"அப்ப அந்த நூத்திப் பன்னெண்டு தங்கச்சியோடதா? சும்மா நிக்கிறப்பவேவா?"

இன்சார்ஜம்மா என் இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெற்றுத் தாளை வைத்தார். தாள் சலசலத்தது. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, என் கழுத்தையே பார்த்தார்.

"நீ எண்ணினதுல தப்பில்ல. ஆள்தான் தப்பு."

"மேடம், கையெழுத்து?"

"தைராய்டுக்கு ரத்தம் குடு, டாக்டரைப் பாரு. அப்புறம் இருபது பேரையும் மூணு விரலால எண்ணிட்டு வா. வெள்ளிக்கு ரெண்டு நாள் இருக்கு."

பயமாக இருந்தது. ஆனால் இந்த ஒருமுறை நான் கற்பனை செய்யவில்லை என்பதில் வெட்கங்கெட்ட சந்தோஷமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று வீடு வரும்வரை தெரியவில்லை.

என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் அக்கா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "இன்னைக்கு எந்த உறுப்பு?" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். மணிக்கட்டை நீட்டினேன். "நீயே எண்ணு."

கையைத் துடைத்துக்கொண்டு கட்டை விரலால் பிடித்தாள். அதை எடுத்துவிட்டு அவளுடைய மூன்று விரல்களை வரிசையாக வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுவென்று எண்ணத் தொடங்கினாள். அரை நிமிடம் தாண்டியதும் சத்தம் நின்று உதடு மட்டும் அசைந்தது. நிமிடம் முடிந்தும் கையை விடவில்லை.

"தப்பா எண்ணிட்டேன் போலருக்கு. இன்னொரு தடவ எண்ணட்டா?"

"எண்ணு."

இந்த முறை அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.