அங்கத்தினரின் மனைவி

“இடது கையை முதல்ல விடுடி” என்றாள் அம்மா.

அப்பாவின் விறைத்துப்போன கை மடங்க மறுத்தது. அம்மா சட்டையை வாங்கி முதுகுப் பக்கம் நடுவில் கத்தரித்தாள். இரண்டு பாதியாக அவர் மேல் போர்த்தி ஓரங்களை முதுகுக்கடியில் மடித்துவிட்டாள். தையல்காரிக்கு அது இரண்டு நிமிட வேலை. விடிந்ததிலிருந்து உட்காரவில்லை அவள்.

“இப்பவும் கிளப் சட்டைதானா?” என்றாள் மகள்.

“அதுலதான் பார்க்க நல்லா இருப்பார்.”

முப்பது வருடம், தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்தச் சட்டையில் கிளம்பிவிடுவார். யாராவது ‘மெம்பர்’ என்றால் பிடிக்காது. ‘அங்கத்தினர்’ என்று திருத்துவார். “அங்கத்தினர் வந்தாச்சு, தட்டை எடு” என்று அம்மா கேலி செய்வாள்.

பத்து மணிக்குக் கிளப்பிலிருந்து நான்கு கிழவர்கள் மலர்வளையத்துடன் வந்தார்கள். அம்மாவைக் கண்டதும் செயலாளர் பதறினார்.

“நீங்க எதுக்கும்மா எழுந்து வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க.”

அம்மா விழித்தாள்.

“வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோட வாங்கன்னுவோம். ‘வீட்ல படுத்த படுக்கை, எப்படி விட்டுட்டு வர்றது’ன்னுவார். உங்களை இப்படி நடமாடிப் பார்க்கக்கூட அவருக்குக் குடுத்து வைக்கலையே!”

“தங்கமான மனுஷன். ஒரு நாள் அலுத்துக்கிட்டதில்லை” என்றார் இன்னொருவர்.

குடும்பத்தோடு போகிற விழா ஒன்று இருந்ததே இந்த வீட்டுக்குத் தெரியாது. மகளுக்குக் காது சுட்டது. அவள் பிறந்த அன்றுகூட மதியம் வரை மிஷின் ஓட்டியவள் அம்மா. மற்றவர்களின் மனைவிகள் நடுவே ஒரு தையல்காரியை எப்படி நிறுத்துவது என்று கூசியிருக்கிறார் மனுஷர்.

“யாரு சார் படுத்த படுக்கை? எங்கம்மா...”

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அளவு எடுப்பவள் போல.

“இப்போ கொஞ்சம் தேவலைங்க” என்றாள் கடைசியில். “அவர்தான் எல்லாம் பார்த்துக்கிட்டார்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வண்டி வந்துவிட்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். வாசலுக்கு ஆறு படி. மேல்படியில் அம்மா நின்றாள். பிறகு செயலாளர் பக்கம் கையை நீட்டினாள்.

“மெதுவா, மெதுவாம்மா.”

ஒரு கால் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த கால்.

மகள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு முன்னால் இறங்கி, கீழ்ப்படியில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஒதுக்கி வழிவிட்டாள்.