குழாயடியில் பெற்றோர் கூட்டம்

தாராவியில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை சகாயராணியிடம் ஒரு நாட்டையே ஒப்படைக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதைச் சீர்படுத்திவிட்டு, அடுத்த நாடு எங்கே என்று கேட்பார். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று, பள்ளிக் குழுவில் நாற்காலி தேய்க்கும் நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பிரிவின் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளியை உலகத் தரத்துக்கு உயர்த்த டிரஸ்ட் அமர்த்திய ஆலோசகர் ஷ்யாமளா சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார், ஆனால் பக்கத்துச் செம்பூரில் பிறந்தவர்தான். பெற்றோர் அக்கறை காட்டாத பிரிவை மூடிவிடலாம் என்பது அவர் திட்டம்.

கூட்டத்துக்கு ஹாலில் நாங்கள் மூவரும், ஒரு யானைக்குப் போதுமான சமோசாவும். பெற்றோர் ஒருவரும் இல்லை.

"பாருங்க மேடம், பேரன்ட்ஸுக்கே இன்ட்ரெஸ்ட் இல்ல. நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதறது?" என்றார் ஷ்யாமளா.

வெளியே சந்தில் டிரம்கள் உருளும் சத்தம். சகாயராணி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி வந்துட்டுல்லா! இப்பம் எந்த மகாராணி கூப்பிட்டாலும் ஒருத்தியும் வரமாட்டா. சார், சமோசாவ எடுங்க. மேடம், ஒங்க சேரை நீங்களே தூக்கிக்கிடுங்க."

குழாயடியில் தாராவியின் மொத்த ஜனத்தொகையும் பாதி அரபிக்கடலும் இருந்தன.

"விஜயராணி! கூட்டம் இங்கனதான். டியூபை விடாம பேசு!" என்று டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாயிடம் குரல் கொடுத்தார் சகாயராணி.

சமோசா கைமாறியது, வாய்கள் திறந்தன. கணக்கு டீச்சர் ராஜ்தானி எக்ஸ்பிரஸ் வேகத்தில் போகிறார், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, இங்கிலீஷ் போதவில்லை... குறித்துக் குறித்து ஷ்யாமளாவின் டேப்லெட்டுக்கே மூச்சு வாங்கியது.

"சிங்கப்பூர்ல தமிழ் படிக்காங்களா மேடம்?" என்றாள் இன்னொரு தாய் சபுரா, டிரம்மை மூடிக்கொண்டே.

"படிக்கறாங்களே. கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே இருக்கு."

"அங்கன இருக்கலாம், இங்கன இருக்கப்படாதோ? எனக்கு வாசிக்க வராது. எம்மவதான் வாசிச்சுக் காட்டுதா. அதையும் மூடிப்போடுவியளா?"

ஷ்யாமளா வாயைத் திறப்பதற்குள் விஜயராணி டியூபை அவர் கையில் திணித்தாள். "ஏக் மினிட் பிடிங்க, டிரம்மை மாத்திக்கிடுதேன்."

சிங்கப்பூர் ஷூ நனைந்தது. நனைந்த கையாலேயே அவர் டிரஸ்டுக்குப் போன் போட்டார்: "தமிழ் செக்ஷனை மூட வேண்டாம் சார். மீட்டிங் டைமை மாத்தினா போதும்."

"எடத்தையும்!" என்றார் சகாயராணி.

டிரஸ்ட் ஒப்புக்கொண்டது. அன்று தண்ணீர்கூட வழக்கத்தைவிட அதிக நேரம் வந்தது. சகாயராணி பேசிக்கொண்டிருக்கும்போது வால்வை மூட யாருக்குத் தைரியம்?