முப்பத்தொன்பதாவது பெயர்

மூசா மணிக், காலையில் மணலைப் பெருக்கும்போது இரண்டு தீவுகளில் நடப்பார். ஒன்று, விருந்தாளிகள் மிதவை விமானத்தில் வந்திறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு உலாவும் தீவு. இன்னொன்று அதற்கு அடியில் கிடக்கும், அவர் பிறந்த ஊரான ரீந்தூ. நீச்சல் குளத்தோரம் விளக்குமாறு பட்டால் அவருக்கு அது பள்ளிவாசல் கிணறு. டென்னிஸ் வலைக்கு அந்தப் பக்கம் கூட்டாளி இத்ரீஸ் வீட்டு அடுப்படி. அங்கே போனதும் சூரைமீன் வேகும் வாசனை வரும். வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வரும்.

இப்போது அங்கே கட்டியிருக்கும் விடுதியின் பெயர் அவர் வாயில் நுழையாது. முப்பது வருடமாகத் தோட்ட வேலை பார்த்தும் "நம்ம தீவு" என்றே சொல்லுவார். கூட வேலை செய்கிறவர்கள், "முதலாளி வந்துட்டாருப்பா, எழுந்திருங்க" என்று கேலி செய்வார்கள்.

அறைதோறும் தலையணைமேல் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். தீவின் வரலாறு. விருந்தாளிகளை வரவேற்கும் யும்னா ஒருநாள் அதை அவருக்குத் தங்கள் திவேஹி மொழியில் படித்துச் சொன்னாள். மனிதக் காலடியே படாத கன்னித் தீவு என்று ஆரம்பித்தது அது. மூசா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப நான் யாரும்மா? நண்டா?"

யும்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைநகரத்துப் பெண், இருபத்துநாலு வயது, தப்பாக ஒரு வரி எழுதியிருந்தால் தூக்கம் வராத ஜாதி. விடுதியின் முப்பதாவது ஆண்டு விழாவுக்கு உண்மையான வரலாற்றை எழுதியே தீருவது என்று கிளம்பிவிட்டாள்.

"உங்க ஆளுங்க ஏன் மாமா இங்கேருந்து போனாங்க?"

"ஒரு ஆளு குறைஞ்சுதுன்னு சொல்லுவாங்க" என்றார் மூசா. சொல்லிவிட்டு, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார்.

அந்தக் காலத்துக் கணக்கு அப்படி. நாற்பது ஆண்கள் இருந்தால்தான் வெள்ளிக்கிழமைத் தொழுகை. வெள்ளித் தொழுகை நடந்தால்தான் அது ஊர். இல்லாவிட்டால் பெட்டி படுக்கையோடு பெரிய தீவுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் தோணி வந்தது. ஊர்த்தலைவரான கதீப் அவர்களோடு உட்கார்ந்து பெயர்களை எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் ரீந்தூ காலி. கோழிகளைக்கூடக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு எதிரே இருந்த மாஃபலுவுக்குப் போனார்கள்.

மூசா யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த ஒரு ஆள் அவர்தான். பத்தொன்பது வயது. அன்று காலை தூண்டில் இரைக்குப் பொடிமீன் பிடிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மாஃபலுவுக்குத் துடுப்புப் போட்டிருந்தார். அங்கே ஈரப்பலா மரத்தடியில் அந்த ஊர்ப் பெண் சபீரா உட்கார்ந்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் கடல் வற்றிவிட்டது. நீர் வற்றினால் பவளப்பாறையைத் தாண்டிப் படகு போகாது. மாலையில் ஏற்றம் வந்தபின் திரும்பினால், ஊரே கரையில் கூடி, ஒரு ஆள் குறைந்ததையே பேசிக்கொண்டிருந்தது. எழுதியது யாரை, விட்டது யாரை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோமே.

பிறகு அந்தச் சபீராவையே கட்டிக்கொண்டு, அந்த மாஃபலுவிலேயே பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தாயிற்று. மாஃபலுக்காரர்கள் கயிற்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒத்த ஆளு இல்லாம ஊரையே தொலைச்சவங்களாச்சே" என்று சீண்டும்போதெல்லாம் மூசா பேச்சை வேறு பக்கம் திருப்புவார். அந்தப் பேச்சு எடுத்தாலே சபீரா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். புருஷன் ஊரைப் பழிக்கிறார்களே என்ற கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மரத்தடியில் பேசிக்கொண்டிருந்த அதே நாளில்தான் கணக்கு எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் தன் முகத்தைப் பார்ப்பாளா என்பதே அவருடைய பயம்.

போன வியாழக்கிழமை யும்னா தலைநகரத்திலிருந்து திரும்பினாள். குளத்தோரம் நின்றவரிடம் ஓடிவந்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"மாமா, அந்த லிஸ்ட் கிடைச்சிருச்சு. அன்னிக்கு எழுதினதோட நகல். உங்க பேரும் இருக்கு."

"என் பேரா? இருக்காதும்மா."

"நீங்களே பாருங்க."

கதீபின் சாய்ந்த கையெழுத்து. அவரே குனிந்து எழுதுவது போலக் கண்முன் வந்தது. இத்ரீஸ், அவன் அண்ணன், சுக்கான் பிடிக்கும் உஸ்மான் என்று ஒவ்வொரு பெயராக எழுந்து நின்றது. கடைசியில், முப்பத்தொன்பதாவதாக, மூசா மணிக். பக்கத்தில் சின்னதாக, பொடிமீன் பிடிக்கப் போயிருக்கிறான்.

அம்மா சொன்னதை நம்பி கதீப் மூசாவையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அவரைச் சேர்த்துத்தான் முப்பத்தொன்பது. ரீந்தூவில் நாற்பதாவது ஆள் என்று ஒருவர் இருக்கவே இல்லை.

மூசா குளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் உட்காரும் இடம் அது, வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது.

"என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க முப்பத்தொன்பது ஆம்பளைங்க இருந்தாங்கன்னு எழுது. அவங்க பொண்டாட்டி பிள்ளைங்களையும் விட்டுடாத."

சாயங்காலம் வேலையாட்கள் தோணியில் ஊர் திரும்பினார். ரீந்தூ பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. மாஃபலு கரையோர ஊஞ்சலில் சபீரா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை, பொய், பயம், பட்டியல், கடைசிப் பெயர்.

பாக்குவெட்டி நின்றுவிட்டது. திட்டப் போகிறாள் என்று நினைத்தார்.

"உங்க பேரு இருந்துச்சா? கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். கதீப் கையெழுத்துதான்."

சபீரா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூசாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எங்கூடத்தானே இருந்தீங்க. ஒரு ஆளு குறைஞ்சதுன்னு கேட்டதும் எனக்குக் கையும் காலும் ஓடல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடல் வத்துறத நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சொன்னா கெளம்பிருவீங்களேன்னு பேச்சை வளத்தேன். உங்க ஊரையே நான் முழுங்கிட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அத சொன்னா நீங்க என்னை வெறுத்துருவீங்கன்னு பயம்."

ஒரே பாயில் படுத்த இரண்டு பேர், ஒரே பாரத்தை ஆளுக்கு முழுதாகச் சுமந்திருக்கிறார்கள். மூசா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊஞ்சல் தானாகக் கொஞ்சம் ஆடியது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசியதில்லை. முதன்முதலாகப் பகல் முழுக்கச் சேர்ந்திருந்த நாள் அது. அதை அவர்கள் வாயால்கூடத் தொட்டதில்லை.

எதிரே ரீந்தூவில் விடுதி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அழுத முகத்தோடு சபீரா சிரித்தாள்.

"அன்னிக்கு ஒரு பச்சைச் சட்டை போட்டிருந்தீங்களே. யாருது அது? தோளு ரெண்டும் முழங்கை வரைக்கும் தொங்குச்சு."

"இத்ரீஸோடது. இரவல்."

"நெனச்சேன். நீங்க பாட்டுக்கு ராஜா மாதிரி உக்காந்திருந்தீங்க. நான் சிரிப்பை அடக்க என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

"தெரியாது" என்றார் மூசா மணிக். "சொல்லு. அப்புறம் என்ன ஆச்சு?"