மூன்றாவது வரிசையில் அண்ணன்

எங்கள் கல்லூரி நாடகத்துக்கு விளக்கு போடுகிறவள் நான். குடியில் சிக்கி மனம் உடைந்துபோகும் ஒருவனின் கதை அது. என் அண்ணனின் கதை. அதை நாடகக் குழுவிடம் சொன்னதும் நான்தான். முதலில் என் வாயைத்தான் தைக்க வேண்டும்.

நாடகத்தை இயக்கியவன் இறுதியாண்டு மாணவன். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மேதை. முதல் ஒத்திகையில் எல்லாரையும் வட்டமாகத் தரையில் உட்காரவைத்தான். "இங்க பேசுறது இங்கயே இருக்கும். மனசுல இருக்கறதக் கொட்டுங்க." நானும் கொட்டினேன். அண்ணன் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்தது, கதவைத் தட்டித் தட்டி அம்மாவின் கை வீங்கியது, எல்லாம். அடுத்த வாரம் அத்தனையும் வசனமாக அச்சாகி வந்தது. அப்போதாவது எனக்குச் சொரணை வந்திருக்க வேண்டும். நாடகத்தின் கடைசியில் நாயகன் திருந்தி வீட்டுக்கு வருகிறானே என்று விட்டுவிட்டேன். நாயகனாக நடிப்பவனுக்குப் பழைய சட்டை கேட்டார்கள். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்துத் தொலைத்தேன்.

அண்ணன் குடியை விட்டுத் தொண்ணூற்று நான்கு நாள். தினமும் விடிந்ததும் நாள்காட்டியில் கோடு போடுவான்.

"நாடகத்துக்கு நான் வரட்டுமா? கதை நல்லபடியா முடியுதில்ல?" என்று கேட்டான்.

"முடியுதுண்ணா. தைரியமா வா."

நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேதை மேலே என் விளக்கு மேசைக்கு வந்தான். "கடைசி சீன மாத்திட்டேன். அவன் செத்துடறான். விழுந்ததும் இருட்டு போட்டுடு."

"எங்கண்ணன் கீழ உக்காந்திருக்கான்டா!"

"செத்தாத்தான் கைதட்டு விழும். உணர்ச்சிவசப்படாத. நீ லைட்ட மட்டும் பாரு."

"உன் கைதட்டுல இடி விழ!" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அண்ணனை அழைத்தேன், கைப்பேசியை அணைத்திருந்தான். மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்தில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இறங்கி ஓடுவதற்குள் திரை விலகிவிட்டது.

கழிப்பறைத் தொட்டிக் காட்சிக்குக் கூட்டம் சிரித்தது. அண்ணன் தலை குனிந்தான். தொண்ணூற்று நான்கு கோடுகளையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து நேராக அவன் எந்தக் கடைக்குப் போவான் என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி. நீலச் சட்டைக்காரன் தடாலென்று விழுந்தான். "இருட்டு!" என்று ஹெட்போனில் மேதையின் குரல்.

நான் விளக்கு விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

வெளிச்சம் அப்படியே நின்றது. பிணத்துக்கு மூச்சு வாங்கியது. பிறகு மூக்கைச் சொறிந்தது. கூட்டம் நெளிந்தது.

"லைட்ட அணைடி! நாடகமே போச்சு!"

"போகட்டும்."

மூன்றாவது வரிசையில் அண்ணன் எழுந்தான். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், விடுவித்துக்கொண்டான்.

"தம்பி, எழுந்திருப்பா" என்றான். குரல் நடுங்கியது, ஆனாலும் அரங்கம் முழுக்கக் கேட்டது. "அந்தச் சட்டை என்னோடது. நான் இன்னும் சாகல."

யாரும் கைதட்டவில்லை. பிணம் எழுந்து உட்கார்ந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியது. சட்டையை வாங்க அண்ணன் மேடையை நோக்கி நடந்தான்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். அண்ணன் மேடைப் படியில் தடுமாறாமல் ஏறவேண்டுமே என்று, இருந்த விளக்கு அத்தனையையும் போட்டேன்.